ஆஸ்திரேலியாவுக்கு உறவினரை ஸ்பான்சர் செய்து அழைப்பது: யார் எதற்குப் பிணை நிற்கிறார்கள்?

ஆஸ்திரேலியாவில் குடியேறிய மகளின் பிரசவத்துக்கு அம்மா வர வேண்டும், அல்லது தம்பியின் புதுமனை புகுவிழாவுக்கு அக்கா குடும்பம் வர வேண்டும் என்றால், முதலில் சுற்றுலா விசாவுக்குத்தான் விண்ணப்பிக்கிறார்கள். அது மறுக்கப்பட்டதும், “ஸ்பான்சர் செய்து கூப்பிடுங்கள், கட்டாயம் கிடைத்துவிடும்” என்று யாரேனும் சொல்வதும், அதை நம்பி அவசர அவசரமாக இன்னொரு விண்ணப்பம் போடப்படுவதும் வழக்கமாகிவிட்டது. ஸ்பான்சர் என்பவர் உண்மையில் எதற்குக் கையெழுத்துப் போடுகிறார், பிணைத்தொகையை யார், எப்போது, எதற்காகக் கேட்கிறார்கள், வந்தவர் நிபந்தனையை மீறினால் யாருக்கு என்ன ஆகும் என்பவை தெரியாமலே பல குடும்பங்கள் இதில் இறங்குகின்றன. தெரியாமல் இறங்குவதால் ஏற்படும் இழப்பு சிறியதல்ல என்பதால், இந்த ஏற்பாட்டை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஒரே எண்ணுக்குள் இரண்டு பிரிவுகள்

ஆஸ்திரேலியாவின் வருகையாளர் விசாவுக்கு 600 என்ற துணைவகை எண் உண்டு. அதற்கு முன் தனித்தனி எண்களில் இருந்த பல வருகை விசாக்கள் 2013 மார்ச் 23 முதல் இந்த ஒரே எண்ணின்கீழ் கொண்டுவரப்பட்டன. உறவினரைப் பார்க்க வருவோருக்கு இதில் இரண்டு பிரிவுகள் முக்கியமானவை.

1. சுற்றுலாப் பிரிவு. ஊர் சுற்றிப் பார்க்க வருபவரும் உறவினரைப் பார்க்க வருபவரும் இதில் விண்ணப்பிக்கலாம். ஆஸ்திரேலியாவில் இருக்கும் உறவினர் அழைப்புக் கடிதம் கொடுக்கலாம். செலவைத் தாம் ஏற்பதாகவும் அதில் எழுதலாம். ஆனால் அந்தக் கடிதம் ஒரு சான்று மட்டுமே. அதை எழுதியவர் சட்டப்படி ஸ்பான்சர் ஆகிவிடுவதில்லை.

2. ஸ்பான்சர் செய்யப்படும் குடும்பப் பிரிவு. இதில் ஆஸ்திரேலியாவில் வாழும் உறவினர் 1149 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்பி, உள்துறையின் ஒப்புதலைப் பெற்று, முறையான ஸ்பான்சர் ஆகிறார். தேவை என்று துறை கருதினால் அவரிடம் பிணைத்தொகை கேட்கப்படும். விண்ணப்பிப்பவர் விண்ணப்பிக்கும்போதும் முடிவு வரும்போதும் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருக்க வேண்டும்.

பேச்சு வழக்கில் இரண்டையுமே “ஸ்பான்சர் பண்ணியிருக்கிறேன்” என்று சொல்லிவிடுவதால்தான் குழப்பம் தொடங்குகிறது. சிட்னியிலிருந்து மகன் அனுப்பிய கடிதத்தையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் இணைத்துச் சுற்றுலாப் பிரிவில் விண்ணப்பித்தவர், தாம் ஸ்பான்சர் விசாவில் விண்ணப்பித்ததாகவே நினைத்துக்கொண்டிருப்பார். ஒரு பிரிவில் மறுக்கப்பட்ட விண்ணப்பம் தானாக மற்றப் பிரிவுக்கு மாறாது. புதிதாக விண்ணப்பித்து, மீண்டும் கட்டணம் செலுத்த வேண்டும். கட்டணம் ஆளுக்கு ஏறத்தாழ 200 ஆஸ்திரேலிய டாலர். பொதுவாக ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1 அன்று அது திருத்தப்படுகிறது.

யார் ஸ்பான்சர் ஆகலாம்?

ஸ்பான்சர் 18 வயது நிறைந்த ஆஸ்திரேலியக் குடிமகனாகவோ நிரந்தர வதிவிட உரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். அதோடு “நிலைபெற்றவர்” என்ற தகுதியும் வேண்டும். அதாவது நியாயமான ஒரு காலம் சட்டப்படி அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். நடைமுறையில் இது பெரும்பாலும் 2 ஆண்டுகள் என்று கொள்ளப்படுகிறது. மாணவர் விசாவிலோ தற்காலிக வேலை விசாவிலோ இருப்பவர் எவ்வளவு சம்பாதித்தாலும் இந்தப் பிரிவில் ஸ்பான்சர் ஆக முடியாது. அவர்களுடைய பெற்றோருக்குச் சுற்றுலாப் பிரிவே வழி.

அடுத்தது உறவு முறை. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள், பெற்றோரின் உடன்பிறந்தோர், உடன்பிறந்தோரின் பிள்ளைகள், இவற்றுக்கு ஈடான மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை வழி உறவுகள் ஆகியவை ஏற்கப்படுகின்றன. பெரியப்பா மகன், சித்தி மகள், மாமன் மகன், அத்தை மகள் ஆகியோர் இந்தப் பட்டியலில் இல்லை. ஒரே வீட்டில் வளர்ந்திருந்தாலும் விதிவிலக்கு கிடையாது. ஆனால் இதற்கு ஒரு நேரான வழி இருக்கிறது. மெல்பனில் இருக்கும் பெரியப்பா மகன் உங்களை ஸ்பான்சர் செய்ய இயலாதபோதும், அதே வீட்டில் நிரந்தர வதிவிட உரிமையோடு நிலைபெற்று வாழும் பெரியப்பா உங்களைத் தம் தம்பியின் பிள்ளை என்ற முறையில் ஸ்பான்சர் செய்யலாம். யார் பெயரில் படிவம் போவது என்பதை முதலிலேயே உட்கார்ந்து யோசித்தால், உறவு பொருந்தவில்லை என்ற காரணத்தால் வரும் மறுப்பைத் தவிர்க்கலாம்.

உறவினர் அல்லாதவர்களில், நாடாளுமன்ற உறுப்பினர், மாநகரத் தலைவர், அரசு அமைப்பு போன்ற சிலருக்கும் ஸ்பான்சர் செய்யும் வாய்ப்பைச் சட்டம் தருகிறது. சாதாரணக் குடும்பங்களுக்கு இது பெரிதாகப் பயன்படுவதில்லை.

இந்தப் பிரிவில் ஸ்பான்சருக்கென்று குறிப்பிட்ட வருமான வரம்பு வகுக்கப்படவில்லை. வேலை, வருமானம், வீட்டு நிலை ஆகியவற்றைத் துறை மொத்தமாகப் பார்த்து முடிவெடுக்கிறது.

ஸ்பான்சரின் கையெழுத்துக்கு என்ன பொருள்?

இந்த விசாவின் உயிர்நாடி இதுதான். வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுபவர், கடன் வாங்கியவர் நல்லவர் என்று பரிந்துரைப்பதோடு நின்றுவிடுவதில்லை; அவர் கட்டாவிட்டால் நான் கட்டுவேன் என்று ஒப்புக்கொள்கிறார். 1149 படிவத்தில் போடும் கையெழுத்தும் அத்தகையது. வருபவர் ஆஸ்திரேலியாவில் தங்கும் காலத்தில் அரசுக்கு ஏற்படுத்தும் பணப் பொறுப்புகளுக்கும், நாட்டின் சட்டங்களுக்கும் விசா நிபந்தனைகளுக்கும் அவர் கட்டுப்பட்டு நடப்பதற்கும் ஸ்பான்சர் பொறுப்பேற்கிறார்.

ஆகவே ஸ்பான்சர் செய்வதால் விண்ணப்பத்தின் “பலம்” தானாகக் கூடிவிடுவதில்லை. துறைக்கு இருக்கும் ஐயத்தின் சுமையில் ஒரு பகுதி ஸ்பான்சரின் தோளுக்கு மாறுகிறது. ஐயம் ஓரளவாக இருக்கும்போது இந்த மாற்றம் உதவும். ஐயம் அடிப்படையானதாக இருந்தால், எத்தனை ஆயிரம் டாலர் கட்டத் தயாராக இருந்தாலும் உதவாது.

ஏனென்றால், எந்தப் பிரிவாக இருந்தாலும் விண்ணப்பிப்பவர் உண்மையிலேயே தற்காலிகமாகத் தங்கித் திரும்ப எண்ணுகிறாரா என்பதே தீர்மானமான கேள்வி. குடிவரவு விதிகளில் 600.211 என்ற கூறு இதற்கு மூன்று அளவுகோல்களை வைக்கிறது.

1. இதற்கு முன் பெற்ற விசாவின் நிபந்தனைகளைப் பெருமளவில் கடைப்பிடித்தாரா?
2. இப்போது கேட்கும் விசாவின் நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கும் எண்ணம் இருக்கிறதா?
3. தொடர்புள்ள வேறு எந்த விஷயம் இருந்தாலும் அது என்ன சொல்கிறது?

மூன்றாவது அளவுகோல்தான் மிக விரிந்தது. ஊரில் வேலை, வியாபாரம், நிலம், ஓய்வூதியம், பராமரிக்க வேண்டிய பெற்றோர், படிக்கும் பிள்ளைகள் என்று திரும்பி வரக் காரணமாகும் எல்லாமும் இதற்குள் வருகின்றன. எல்லாப் பிள்ளைகளும் வெளிநாட்டில் இருந்து, பெற்றோர் மட்டும் ஊரில் தனித்திருக்கும் குடும்பம் இங்கே சற்றுத் தடுமாறும். திருமணமாகாத, நிலையான வேலையில்லாத இளையவர் அதைவிடக் கூடுதலாகத் தடுமாறுவார். ஸ்பான்சரின் சம்பளச் சீட்டை அடுக்கடுக்காக இணைத்துவிட்டு, விண்ணப்பிப்பவரின் ஊர் வாழ்க்கையைப் பற்றி ஒரு தாள்கூட இணைக்காத விண்ணப்பம் தவறான கேள்விக்கு விடை சொல்கிறது என்பதே என் உறுதியான கருத்து.

பிணைத்தொகை: எப்போது, எவ்வளவு, யாரிடம்?

பிணைத்தொகை கேட்கும் அதிகாரம் 1958-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 269-ஆவது பிரிவிலிருந்து வருகிறது. பொதுவாக ஆளுக்கு 5,000 முதல் 15,000 ஆஸ்திரேலிய டாலர் வரை கேட்கப்படலாம். இது ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கணக்கிடப்படும் என்பதைக் கவனிக்க வேண்டும். அம்மா அப்பா இருவருக்கும் தலைக்கு 10,000 என்று கேட்டால், மகள் 20,000 டாலரை ஒரே நேரத்தில் கட்ட வேண்டியிருக்கும். அதை வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டுவதென்றால், பெற்றோர் தங்கும் காலம் முழுவதும் அந்த வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

நடைமுறை வரிசை முக்கியமானது. முதலில் விண்ணப்பமும் ஸ்பான்சர் படிவமும் பரிசீலிக்கப்படும். மற்றத் தகுதிகள் பொருந்தி, பிணை வேண்டும் என்று அதிகாரி கருதினால், துறையிடமிருந்து எழுத்து மூலமாகக் கோரிக்கை வரும். அதில் சொன்ன முறையில், சொன்ன கெடுவுக்குள் தொகையைச் செலுத்திய பிறகே விசா வழங்கப்படும். முன்கூட்டியே பணம் கட்டி முடிவை விரைவுபடுத்த வழியில்லை. “பிணைத்தொகையை எங்களிடம் இப்போதே கொடுத்துவிடுங்கள், நாங்கள் கட்டிவிடுகிறோம்” என்று எந்த முகவர் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பிள்ளைகளைப் பார்க்கத் தவிக்கும் பெற்றோரின் ஏக்கத்தைக் காசாக்கும் இத்தகைய ஏமாற்றுக்கு எதிராகக் குடும்பங்கள் வைத்துக்கொள்ளக்கூடிய எளிய காப்பு, துறையின் கடிதம் கைக்கு வராமல் ஒரு டாலரும் கொடுக்காமல் இருப்பதே.

வந்தவர் எல்லா நிபந்தனைகளையும் கடைப்பிடித்து, உரிய காலத்துக்குள் நாட்டைவிட்டுச் சென்ற பிறகு, ஸ்பான்சர் கேட்டுப் பெறும்போது தொகை திரும்பும். நிபந்தனை மீறப்பட்டால் தொகையைத் துறை எடுத்துக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய விளைவு, அந்த ஸ்பான்சர் அடுத்த 5 ஆண்டுகளுக்கு வேறு யாரையும் இந்தப் பிரிவில் ஸ்பான்சர் செய்ய முடியாமல் போகலாம் என்பது. மைத்துனர் மீறியதன் விலையை, அடுத்த ஆண்டு பேரனைப் பார்க்க வரவிருந்த பாட்டி கொடுக்க நேரிடும். பிணை நிற்பதற்கு முன் குடும்பத்தார் வெளிப்படையாகப் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் இது. கூச்சப்பட்டு விட்டுவிடக் கூடாது.

விசாவோடு வரும் நான்கு எண்கள்

விசா வழங்கும் கடிதத்தில் நிபந்தனைகள் எண்களாகத்தான் இருக்கும். உள்துறையின் ‘வீவோ’ என்ற இணையச் சேவையிலும் அவற்றைச் சரிபார்த்துக்கொள்ளலாம். இந்தப் பிரிவில் நான்கு எண்கள் முக்கியமானவை.

1. 8101: வேலை செய்யக் கூடாது. சட்டத்தின்படி, ஆஸ்திரேலியாவில் வழக்கமாக ஊதியம் பெற்றுத் தரும் எந்தச் செயலும் வேலைதான். ஆகவே உறவினரின் மளிகைக் கடையில் கல்லாவில் உட்கார்ந்துவிட்டு, “சம்பளம் வாங்கவில்லையே” என்று சொல்வது பாதுகாப்பான விடை ஆகாது.

2. 8201: 3 மாதத்துக்கு மேல் படிக்கவோ பயிற்சி பெறவோ கூடாது.

3. 8531: அனுமதிக்கப்பட்ட காலம் முடிந்தபின் தங்கக் கூடாது. ஒரு நாள் கூடினாலும் மீறல்தான். நாட்டுக்குள் நுழைய வேண்டிய கடைசி நாளும் தங்கக்கூடிய கால அளவும் வெவ்வேறானவை. “3 மாதம்” என்றிருந்தால் அது வந்து இறங்கிய நாளிலிருந்து எண்ணப்படும். திரும்பும் பயணச் சீட்டைக் கடைசி நாளுக்குப் போடாமல் சில நாட்கள் முன்னதாகவே போட்டுக்கொள்வது நல்லது. விமானம் ரத்தானாலோ காய்ச்சல் வந்தாலோ அந்த இடைவெளிதான் காப்பாற்றும்.

4. 8503: ஆஸ்திரேலியாவுக்குள் இருந்துகொண்டு, பாதுகாப்பு விசா தவிர வேறு எந்த முழுமையான விசாவும் (இடைக்கால ‘பிரிட்ஜிங்’ விசா போன்றவை அல்லாத வழக்கமான விசா) பெற முடியாது.

கடைசி எண்ணின் கடுமை பலருக்கு வந்த பிறகே தெரிகிறது. மகளின் பிரசவம் சிக்கலாகிவிட்டது, இன்னும் 2 மாதம் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தாய் நினைத்தாலும், உள்ளே இருந்தபடி இன்னொரு வருகை விசா கேட்க வழியில்லை. வந்த இடத்தில் திருமணம் நிச்சயமாகிவிட்டால், வாழ்க்கைத் துணை விசாவுக்கும் வெளியே சென்றுதான் வழி தேட வேண்டும். இந்த நிபந்தனையைத் தளர்த்தும்படி கேட்க இடமுண்டு. ஆனால் விசா கிடைத்த பிறகு, விசாதாரரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டு, அவருடைய நிலையைப் பெரிதும் மாற்றிய, இரக்கத்துக்குரிய வலுவான காரணம் ஏற்பட்டிருக்க வேண்டும். முன்பே தெரிந்திருந்த சூழ்நிலை இந்த அளவைத் தொடாது. பிரசவ நாள் முன்பே தெரிந்ததுதான் என்பதால், தேவைப்படும் காலத்தை விண்ணப்பிக்கும்போதே நேர்மையாகக் கணக்கிட்டுக் கேட்பது நல்லது. இந்தப் பிரிவில் 12 மாதம் வரை அனுமதி தர விதி இடமளிக்கிறது.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்த விசா பெரும்பாலும் ஒருமுறை நுழைவுக்கே வழங்கப்படுகிறது. இடையில் ஊரில் ஒரு சாவு வீட்டுக்குப் போக நேர்ந்தால், பத்தாம் நாள் காரியம் முடிந்து திரும்பி வர இதே விசா உதவாது. புதிய விண்ணப்பம்தான்.

காலம் முடிந்து 28 நாட்களுக்கு மேல் விசாவின்றித் தங்கிவிட்டுச் செல்பவருக்கு, ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான தற்காலிக விசாக்கள் 3 ஆண்டுகளுக்குக் கிடைப்பது கடினமாகிவிடும். ஸ்பான்சருக்கு வரும் இழப்பு இதற்கு மேல் தனிக்கணக்கு.

நம் ஆவணங்களில் வரும் சிக்கல்

உறவை நிரூபிப்பது தமிழ்க் குடும்பங்களுக்குத் தோன்றுவதைவிடக் கடினம். அப்பாவின் கடவுச்சீட்டில் முதலெழுத்து விரிக்கப்பட்டு இரண்டு சொற்களாக இருக்கும். மகனின் பிறப்புச் சான்றிதழில் அதே அப்பாவின் பெயர் வெறும் முதலெழுத்தோடு இருக்கும். மகனின் ஆஸ்திரேலிய ஆவணங்களில் அப்பாவின் பெயரே குடும்பப் பெயராகியிருக்கும். நமக்கு இது பார்த்ததும் புரியும். நம் பெயர் வழக்கத்தை அறியாத அதிகாரிக்கு இவர்கள் மூவர்போலத் தோன்றலாம். எந்த ஆவணத்தில் எந்தப் பெயர் எப்படி இருக்கிறது, ஏன் அப்படி இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் விளக்கம் எழுதி, அதற்கான உறுதிமொழிப் பத்திரத்தையும் சேர்ப்பது பயன் தரும்.

முதியவர்களில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழே இருக்காது. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவைக் காட்டப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் போதும். அதில் பெற்றோர் பெயர் இருக்கிறது. பிள்ளையிடம் பழைய இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால், அதன் கடைசிப் பக்கத்தில் தந்தை, தாய் பெயர்கள் அச்சிடப்பட்டிருப்பதும் துணை நிற்கும். உடன்பிறந்தோருக்கு இருவருடைய சான்றிதழ்களும் ஒரே பெற்றோரைக் காட்ட வேண்டும். பெரியப்பா, சித்தி போன்ற உறவுக்கு இரண்டு தலைமுறைச் சங்கிலியைக் கோத்துக் காட்ட வேண்டியிருப்பதால், அங்கேதான் ஆவணத் தேடல் நீளும்.

தமிழில் உள்ள பட்டா, ஓய்வூதிய ஆணை, கிராம நிர்வாக அலுவலர் சான்று, இலங்கையில் கிராம அலுவலர் சான்று ஆகிய எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு வெளியே மொழிபெயர்த்தால், மொழிபெயர்ப்பாளரின் முழுப் பெயர், முகவரி, தொலைபேசி எண், தகுதி ஆகியவை ஆங்கிலத்தில் இடம்பெற வேண்டும்.

இல்லாத ஆவணத்தை உண்டாக்கிக் கொடுப்பது மட்டும் எந்நிலையிலும் கூடாது. போலி ஆவணமோ பொய்த் தகவலோ கொடுத்ததாக முடிவானால், 4020 என்ற விதியின்கீழ் 3 ஆண்டுகளுக்கும், அடையாளமே பொய் என்றால் 10 ஆண்டுகளுக்கும் விசா மறுக்கப்படும். முகவர் செய்ததை நான் அறியேன் என்பது பொதுவாகக் காப்பாற்றாது. எனவே சமர்ப்பிக்கும் முன் முழு விண்ணப்பத்தையும் விண்ணப்பிப்பவரே ஒருமுறை படித்துக் கேட்டுவிட வேண்டும்.

மருத்துவப் பரிசோதனை வயதையும் தங்கும் காலத்தையும் பொறுத்தது. 75 வயது நிறைந்தவர்களுக்கு அது தேவைப்படும். இந்தியாவிலிருந்து 6 மாதமோ அதற்கு மேலோ தங்க வருபவர்களிடம் மார்பு எக்ஸ்ரேயும் கேட்கப்படும்.

பெற்றோருக்கு வேறு வழி உண்டா?

நிரந்தரப் பெற்றோர் விசாவுக்கான காத்திருப்பு, கூடுதல் கட்டணம் இல்லாத பிரிவில் 30 ஆண்டுகளைத் தாண்டும் என்று துறையே மதிப்பிடுகிறது. அறுபது வயதுத் தாய்க்கு அது நடைமுறையில் இல்லை என்றே பொருள். இந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப 2019 ஏப்ரலில் 870 என்ற தற்காலிகப் பெற்றோர் விசா கொண்டுவரப்பட்டது. அதில் 3 ஆண்டுகளோ 5 ஆண்டுகளோ தங்கலாம். மொத்தம் 10 ஆண்டுகள் வரை நீளலாம். தொடக்கத்தில் 3 ஆண்டுக்கு 5,000 டாலரும் 5 ஆண்டுக்கு 10,000 டாலரும் கட்டணமாக இருந்தன. பின்னர் அவை உயர்ந்துள்ளன. பிணைத்தொகை திரும்பி வரக்கூடியது; இந்தக் கட்டணம் திரும்பி வராது. இதன் ஸ்பான்சருக்கு 83,454.80 டாலர் ஆண்டு வரிக்குரிய வருமானம் வேண்டும். துணைவரின் வருமானத்தைச் சேர்த்துக் காட்டலாம். ஸ்பான்சரின் ஒப்புதலை முதலில் பெற்ற பிறகே பெற்றோர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பெற்றோரை மட்டுமே ஸ்பான்சர் செய்யலாம் என்பதால், கணவனின் பெற்றோரா மனைவியின் பெற்றோரா என்ற கேள்வியும் எழுகிறது.

நல்ல பயண வரலாறு உள்ள பெற்றோருக்குச் சுற்றுலாப் பிரிவிலேயே பலமுறை நுழைவுள்ள நீண்ட கால விசா கிடைப்பதுண்டு. அதில் 8558 என்ற நிபந்தனை இருந்தால், எந்த 18 மாதக் காலத்திலும் 12 மாதத்துக்கு மேல் ஆஸ்திரேலியாவில் இருக்கக் கூடாது. 8503 இல்லாமல் கிடைக்குமானால், வந்து போகும் பெற்றோருக்கு ஸ்பான்சர் பிரிவைவிட இதுவே தாராளமானது. முதல் முயற்சியிலேயே ஸ்பான்சர் பிரிவுக்குப் போவதை நான் பரிந்துரைக்காததற்கு இதுவே காரணம்.

மறுப்பு வந்தால்

மறுப்புக் கடிதத்தில் எந்தக் கூறின்படி மறுக்கப்பட்டது என்று எழுதியிருக்கும். 600.211 என்று இருந்தால், திரும்பி வரும் எண்ணத்தின் மீதுதான் ஐயம். ஸ்பான்சரின் பணத்தின் மீது அல்ல. அதே ஆவணங்களை மீண்டும் அனுப்பினால் அதே விடைதான் வரும்.

ஸ்பான்சர் பிரிவில் மறுக்கப்பட்டால், ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஸ்பான்சர் நிர்வாக மறு ஆய்வுத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். பழைய மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் பதிலாக இது 2024 அக்டோபர் 14 முதல் இயங்குகிறது. சுற்றுலாப் பிரிவிலும் ஒரு வாய்ப்பு உண்டு: பெற்றோர், துணைவர், பிள்ளை, உடன்பிறந்தோர் ஆகிய நெருங்கிய உறவினரைப் பார்க்கவே வருவதாக விண்ணப்பத்தில் குறிப்பிட்டு, அந்த உறவினரின் விவரங்களையும் கொடுத்திருந்தால், குடிமகனோ நிரந்தர வதிவிடரோ ஆன அந்த உறவினர் முறையிடலாம். விண்ணப்பத்தில் “சுற்றுலா” என்று மட்டும் எழுதிவிட்டு மகளின் பெயரை விட்டுவிட்டவர்கள் இந்த உரிமையை இழந்துவிடுகிறார்கள். முறையிடுவதற்கான கெடு மறுப்புக் கடிதத்திலேயே இருக்கும். அது கடந்தால் நீட்டிப்பு கிடைக்காது. கட்டணம் 3,000 டாலருக்கு மேல், காத்திருப்பும் நீண்டது என்பதால், மறுப்புக்கான காரணத்தைப் புதிய சான்றுகளால் தீர்க்க முடிகிறவர்கள் பெரும்பாலும் புதிதாக விண்ணப்பிப்பதையே தேர்ந்தெடுக்கிறார்கள். முறையீடா, புதிய விண்ணப்பமா என்று முடிவெடுக்கப் பதிவு பெற்ற குடிவரவு முகவரிடமோ குடிவரவுச் சட்ட வழக்கறிஞரிடமோ கெடு முடியுமுன்னரே மறுப்புக் கடிதத்தைக் காட்டிவிட வேண்டும்.